மூன்றாம் நாள் சார்ட்டைப் பாருங்கள்: வாசகர் கேள்விகள்

என் மகன் மலாவியில் ஒரு மிஷன் மருத்துவமனையில் டாக்டராகச் சேர்ந்திருக்கிறான். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அங்கே லேப் இல்லையாம். எந்த ஆன்டிபயாட்டிக் என்று எதை வைத்து முடிவு செய்வது?
– வாசகி, பட்டர்வொர்த்

உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஆன்டிபயாட்டிக் கையேட்டைப் போனில் இறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். இலவசம். ஆக்செஸ் (முதலில் எடுப்பது), வாட்ச் (யோசித்து எடுப்பது), ரிசர்வ் (கடைசிக் கையிருப்பு) என்ற மூன்று பிரிவில், முடிந்தவரை ஆக்செஸில் தொடங்கட்டும். அந்த ஊர் நோய்களுக்கு ஏற்ப ஒரே பக்கத்தில் எழுதி வார்டு சுவரில் ஒட்டட்டும். அப்புறம், மருந்து தொடங்கிய மூன்றாம் நாள் நோயாளியின் சார்ட்டைத் திறந்து பார்க்கட்டும்: தொடரவா, மாத்திரைக்கு மாற்றவா, நிறுத்தவா? நோயாளியைப் பக்கத்தில் போய்ப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும்.

வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளைச் சேர்த்து ஏழை நாட்டு மருத்துவமனைக்கு அனுப்பலாமா?
– வாசகர், செந்தூல்

கூடாது. நோயாளியிடம் போய்த் திரும்பிய மருந்து நன்கொடைக்கு ஆகாது. அதிருக்கட்டும், மிச்சம் எப்படி வந்தது ஐயா?

தன்னார்வலராகப் போய்வந்த தோழி சொன்னாள், அங்கே வார்டில் படுத்தவர் எல்லாருக்கும் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசிதானாம். நல்ல மருந்துதானே, போட்டால் என்ன?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

நல்ல மருந்து என்பதால்தான் வயிறு எரிகிறது. மருத்துவமனை மருந்தகத்தில் முப்பது வருடம் உட்கார்ந்தவன் நான். ஒரு வார்டுக்குப் போனால் பத்துப் படுக்கையில் எட்டில் இதே குப்பி. எதற்கு என்று கேட்டால், “காய்ச்சல் சார்.” என்ன காய்ச்சல்? பதில் வராது.

ஏன் இப்படி என்பது புரியாமல் இல்லை. விலை மலிவு, பெரும்பாலும் நாளுக்கு ஒரே ஊசி, தாதிகள் குறைந்த வார்டுக்கு வசதி. இரவில் தனியாக நிற்கும் இளம் டாக்டருக்கு அதுதான் தைரியம். ஆனால் அது வாட்ச் பிரிவு மருந்து. மூளைக்காய்ச்சலுக்கும் கடுமையான டைஃபாய்டுக்கும் கையில் இருக்க வேண்டியது. சாதாரண நிமோனியாவுக்கு அமாக்சிசிலின் மாத்திரை போதும். செஃப்ட்ரியாக்சோனை இறைத்தால், அதைச் சிதைத்துவிடும் ஈஎஸ்பிஎல் கிருமிகள் பெருகும். அடுத்து மெரோபெனம் வேண்டும், அதுவும் தோற்றால் கோலிஸ்டின். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று ஒரு காலத்தில் ஒதுக்கிவைத்த மருந்து அது! பணக்கார நாட்டில் மெரோபெனம் வாங்கிவிடுவார்கள். ஏழை நாட்டின் மாவட்ட மருத்துவமனை எங்கே போகும்?

இன்னொன்று: தீக்காயத்தில் தொற்றும் சூடோமோனாஸ் கிருமியைச் செஃப்ட்ரியாக்சோன் தொடாது. தீக்காய வார்டில் இதை நம்பிப் பத்து நாள் போடுவதைப் பார்த்திருக்கிறேன். மூன்றாம் நாளே சார்ட்டைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஏழை நாடுகளில் மருந்து கிடைக்காமல் சாகிறார்கள். நீங்களோ மருந்தைக் குறைக்கச் சொல்கிறீர்கள்!
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

குறைக்கச் சொன்னேனா? நன்றாகப் படியுங்கள். சரியான மருந்து, சரியான நேரத்தில் என்றுதான் எழுதுகிறேன். தொற்று முற்றி ரத்த அழுத்தம் சரிந்த செப்சிஸ் ஷாக் நோயாளிக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஊசி போட வேண்டும், தயங்கக்கூடாது. கிருமி மருந்துக்கு அடங்காததால் மட்டும் 2019இல் சுமார் 13 லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கு. மேற்கு ஆப்பிரிக்காவில்தான் விகிதம் அதிகம்.

நான் தாதி. டாக்டர் எழுதியதை நாங்கள் கேள்வி கேட்க முடியுமா? எங்களால் ஆவது என்ன?
– வாசகி, நிபோங் திபால்

நிறைய. முதல் ஊசிக்கு முன்னால் ரத்தம் எடுத்து கல்ச்சருக்கு அனுப்புங்கள், வசதி இருந்தால். மருந்து போட்டபின் எடுத்தால் பல தடவை ஒன்றும் வளராது. சார்ட்டில் “இன்று 3ஆம் நாள்” என்று சிவப்பில் எழுதுங்கள், எழுதியதைப் பார்த்தால் டாக்டரே கேட்பார். சாப்பிடத் தொடங்கியவருக்கு இன்னும் ஊசி எதற்கு என்று மெதுவாக நினைவூட்டுங்கள். கை கழுவக் குழாய் இல்லாத இடத்துக்குப் போனால், எத்தனால், கிளிசரால், ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்து அங்கேயே கைத்திரவம் செய்யலாம். அளவு உலகச் சுகாதார நிறுவனக் குறிப்பில் இருக்கிறது, கண்ணளவில் கலக்க வேண்டாம்.

கிராமத்து மருத்துவமனையில் ஆபரேஷனுக்குப் பிறகு என் தங்கைக்கு ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக். தியேட்டர் சுத்தமில்லை என்பதால் என்றார்கள். சரியா?
– வாசகர், பிறை

என்ன ஆபரேஷன் என்று எழுதவில்லையே! தொற்று இல்லாத ஆபரேஷன் என்றால், கத்தி வைப்பதற்கு முன் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு டோஸ் பெரும்பாலும் போதும். தியேட்டர் அழுக்கென்றால் தியேட்டரைக் கழுவட்டும்.

வெள்ளை நிறத்தில் ஒரு கேப்சூல் கொடுத்தார்கள். நல்லதா?
– பெயர், ஊர் இல்லை

மருந்தின் பெயர், வயது, எடை, எந்த நோய்க்கு என்று எழுதி மறுபடி அனுப்புங்கள்.