டைவிங் முடித்த ராத்திரியே ஊருக்குக் கிளம்பலாமா?

கேள்வி: ஓசூரில் வேலை பார்க்கும் என் மகன் பாண்டிச்சேரியில் ஸ்கூபா டைவிங் கற்கிறான். சனி, ஞாயிறு கடலில் இறங்கிவிட்டு அன்று ராத்திரியே காரில் திரும்புகிறான், திங்கட்கிழமை முழுக்க அசதி. ஆழத்தில் ஆக்சிஜனே உடம்பைக் கெடுக்கும், ரத்தக் குழாயில் அழற்சி வரும் என்கிறார்களே? நாங்களும் கிணற்றில் முங்கி வளர்ந்தவர்கள்தான், ஒன்றும் ஆகவில்லை. வைட்டமின் மாத்திரை கொடுக்கலாமா?
- ஒரு வாசகர், பென்னாகரம்

பதில்: உண்மைதான், ஆனால் பயந்து நிறுத்துகிற அளவுக்கு இல்லை. கிணற்றில் நீங்கள் மேலே இழுத்த ஒரே மூச்சோடு முங்கினீர்கள். அவனோ அடியிலேயே, அங்குள்ள அழுத்தத்துக்குச் சமமான காற்றை நிமிடக் கணக்கில் சுவாசிக்கிறான். 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. அதாவது 20 மீட்டரில் சாதாரணக் காற்றே, தரையில் 63 சதவீத ஆக்சிஜனைச் சுவாசிப்பதற்குச் சமம். இப்படி மிஞ்சும் ஆக்சிஜனிலிருந்து உருவாகும் வினைத்திறன் மிக்க மூலக்கூறுகள், ரத்தக் குழாயை விரிய வைக்கும் நைட்ரிக் ஆக்சைடைத் தின்றுவிடுகின்றன, குழாயின் உள்சுவர் கொஞ்ச நேரம் சரியாக விரிவதில்லை. அப்புறம் மேலே வரும்போது ரத்தத்தில் கரைந்திருந்த நைட்ரஜன் நுண்குமிழிகளாகப் பிரிகிறது. அவை உள்சுவரை உரச, வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் விழித்துக்கொள்கின்றன. அழற்சி என்று நீங்கள் கேள்விப்பட்டது இதைத்தான். ஆரோக்கியமான உடம்பு தன் சொந்த நொதிகளைக் கொண்டே பெரும்பாலும் ஓரிரு நாளில் இதைச் சரிசெய்துகொள்ளும்.

மாத்திரை வேண்டாம். டைவிங்குக்கு முன் வைட்டமின் சி, ஈ கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வுகளில் ரத்தக் குழாய் கொஞ்சம் தேறியது, குமிழிகள் குறையவில்லை. நெல்லிக்காய், கொய்யா சாப்பிடட்டும், தண்ணீர் நிறையக் குடிக்கட்டும் (கடலுக்குள் இருந்தாலே சிறுநீர் அதிகம் போகும்), முந்தின ராத்திரி மதுவும் சிகரெட்டும் கூடாது.

எனக்குக் கவலை தருவது அந்த ராத்திரிப் பயணம்தான். திண்டிவனம், திருவண்ணாமலை, ஊத்தங்கரை வழியாகக் கிருஷ்ணகிரி வரும் வரை ஏற்றம் மெதுவாக இருக்கும், மேலுமலை தாண்டி ஓசூர் போகும்போது கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர். உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைந்து, மிச்சமிருக்கும் நைட்ரஜன் மறுபடி குமிழியாகலாம். விமானத்துக்குச் சொல்லும் காத்திருப்பு 600 மீட்டருக்கு மேல் உள்ள மலைப்பாதைக்கும் பொருந்தும்: ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், அடுத்தடுத்த நாள் இறங்கியிருந்தால் 18 மணி நேரம். ஞாயிறு காலையோடு முடித்துக்கொண்டு, ராத்திரி அங்கேயே தங்கி, திங்கட்கிழமை ஒரு நாள் லீவு போடச் சொல்லுங்கள்.

அந்த அசதியையும் தூக்கம் கெட்டதால்தான் என்று தள்ளிவிடாதீர்கள். அதோடு மூட்டு வலி, தோலில் திட்டுத்திட்டாகச் சிவப்பு, கைகால் மரத்துப்போதல், தலைசுற்றல் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய், டைவிங் செய்ததை முதலில் சொல்லட்டும். அங்கே முதலில் கொடுக்கப்படுவது தூய ஆக்சிஜன். தேவைப்பட்டால் அழுத்த அறை உள்ள இடத்துக்கு அனுப்புவார்கள்.