போர்வெல் பம்பின் எஸ்எஸ் மரைக்கு எதைத் தடவுவது?

கேள்வி: ஐயா, வணக்கமுங்க. பல்லடம் பக்கம் போர் மோட்டார் ரிப்பேர் பட்டறை வைத்திருக்கிறேன். நாலு அங்குல பம்பையும் மோட்டாரையும் சேர்க்கும் எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) ஸ்டட்டில், அதாவது தலையில்லாத மரைக் கம்பியில், நட்டை ஏற்றும்போது சில சமயம் பாதியிலேயே இறுகி நின்றுவிடுகிறது. முன்னேயும் போகாது, பின்னேயும் வராது. வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. இதுவரைக்கும் வண்டிக்குப் போடும் சாதா கிரீஸைத்தான் தடவிவந்தேன். கடைக்காரர் தாமிரத் தூள் கலந்த ஆன்டி-சீஸ் (மரை கடித்துக்கொள்ளாமல் தடுக்கும்) பேஸ்ட் வாங்கிக்கச் சொல்கிறார். வெளிநாட்டு வீடியோக்களில் துப்பாக்கி பேரல் மாட்டுகிறவர்கள் கருப்பு மாலி கிரீஸ் தடவுகிறார்கள். இதில் எதை வாங்கட்டுமுங்க?

பதில்: தம்பி, நீங்கள் சொன்ன மூன்றும் வேண்டாம். உலோகத் தூள் கலக்காத, உணவுத் தரச் சான்று உள்ள வெள்ளை ஆன்டி-சீஸ் பேஸ்ட் வாங்குங்கள். டப்பாவில் 'எச்1' என்றோ, குடிநீர்க் கருவிகளுக்கு ஏற்றது என்றோ போட்டிருக்கும். ஆனால் பேஸ்ட்டை மட்டும் மாற்றினால் உங்கள் பிரச்சினை பாதிதான் தீரும். மீதி, நட்டைத் திருப்பும் வேகத்திலும் இறுக்கும் அளவிலும் இருக்கிறது. அதனால் காரணத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

எஸ்எஸ் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதன் மேல் தானாக உருவாகும் குரோமியம் ஆக்சைடு படலம். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லியது. இரண்டு எஸ்எஸ் மரைகள் அழுத்தத்தோடு ஒன்றன்மேல் ஒன்று உரசும்போது, மேடான இடங்களில் இந்தப் படலம் கிழிந்துவிடும். கீழே இருக்கும் வெறும் உலோகம் எதிரிலிருக்கும் வெறும் உலோகத்தோடு நேராக ஒட்டிக்கொள்ளும். நெருப்பு இல்லாமல் நடக்கும் வெல்டிங் இது. ஒட்டிய இடம் அடுத்த திருப்பில் பிய்ந்து, பிசிறாகி, பக்கத்து மரையையும் கடிக்கும். எஸ்எஸ்ஸில் வழக்கமாக வரும் 304, 316 என்ற இரண்டு வகையும் இந்த விஷயத்தில் மோசம்தான். போதாததற்கு எஸ்எஸ் சூட்டைச் சரியாகக் கடத்தாது. சாதாரண எஃகு கடத்துவதில் மூன்றில் ஒரு பங்குதான் கடத்தும். ஏர் கன்னோ பேட்டரி டிரில்லோ வைத்து விர்ரென்று ஏற்றினால் சூடு மரையின் நுனியிலேயே தங்கிவிடும். நாலு அங்குல மோட்டாரில் வழக்கமாக வரும் ஸ்டட் 5/16 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. நுண்மரை என்பதால் உரசும் தூரமும் அதிகம், இடைவெளியும் குறைவு. ஆக, உங்கள் நட்டு கடித்துக்கொள்வதற்கு வேண்டிய எல்லாம் அங்கே இருக்கிறது.

சாதா கிரீஸ் ஏன் போதவில்லை என்று பாருங்கள். கிரீஸ் என்பது எண்ணெய், அதைப் பிடித்து வைக்கும் ஒரு சோப்பு, கொஞ்சம் சேர்மானம். பேரிங்கில் உருளைகள் வேகமாக ஓடுவதால் எண்ணெய்ப் படலம் திரும்பத் திரும்ப உருவாகும். மரையில் அப்படி இல்லை. மெதுவான நகர்வு, கடும் அழுத்தம். எண்ணெய் பிதுங்கி வெளியே போய்விடும். ஆன்டி-சீஸில் எண்ணெயோடு திடப்பொருள் தூளும் இருக்கும். எண்ணெய் போனாலும் தூள் இரண்டு மரைக்கும் நடுவே நின்று, உலோகம் உலோகத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ளும்.

அந்தத் தூள் எது என்பதில்தான் தேர்வு. தாமிரப் பேஸ்ட் சுமார் 980 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும், நிக்கல் பேஸ்ட் அதற்கும் மேலே போகும். சைலன்சர் போல்ட்டுக்கும் பாய்லர் ஃபிளாஞ்சுக்கும் அது தேவை. ஆயிரம் அடி போருக்குள் இறங்கும் பம்பின் மரைக்கு அந்தச் சூட்டைப் பற்றிக் கவலையே இல்லை. கடைக்காரர் தப்பாகச் சொல்லவில்லை, அவரிடம் பெரும்பாலும் வண்டி மெக்கானிக்குகள்தான் வருவார்கள். தாமிரம் எஸ்எஸ்ஸைக் கெடுத்துவிடாது, மரை கடிப்பதையும் நன்றாகவே தடுக்கும். நான் வேண்டாம் என்பது தண்ணீருக்காக. நம் பக்கம் தோட்டத்துப் போர்த் தண்ணீரைத்தான் வீட்டுக்காரர்களும் குடிக்கிறார்கள், மாடும் ஆடும் குடிக்கின்றன. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500 லிட்டருக்குத் தாமிரம் 0.05 மில்லிகிராம், நிக்கல் 0.02 மில்லிகிராம் என்று ஏற்கத்தக்க வரம்பு வைத்திருக்கிறது. நாலு நட்டில் தடவும் துளி பேஸ்ட்டால் ஊர்த் தண்ணீர் கெட்டுவிடாது என்பது உண்மைதான். ஆனால் உலோகமே இல்லாத பேஸ்ட் அதே வேலையைச் செய்யும்போது குடிக்கிற தண்ணீருக்குள் அதை இறக்க ஒரு காரணமும் இல்லை. ஈயம் கலந்த பழைய வகைப் பேஸ்ட் பட்டறை மூலையில் எங்காவது இருந்தால் அதைப் பம்ப் பக்கமே கொண்டுவர வேண்டாம்.

கிராஃபைட் கலந்த கருப்புப் பேஸ்ட்டுக்கு எதிராக இன்னொரு காரணமும் உண்டு. கிராஃபைட் மின்சாரம் கடத்தும். மின்வேதி வரிசையில் எஸ்எஸ்ஸைவிட உயரத்தில் இருக்கும். உப்புத் தண்ணீரில் இரண்டும் ஒட்டியிருந்தால் அரிப்பு எஸ்எஸ் பக்கம் விழும். நொய்யல் கரையோரம் சாயக்கழிவு என்ன செய்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. நிலத்தடியில் இறங்கிய உப்பு சீக்கிரம் வெளியேறாது. குளோரைடு அதிகமுள்ள தண்ணீரில் 304 தனியாகவே புள்ளி புள்ளியாக அரிக்கும். அதற்குக் கிராஃபைட்டும் துணை போக வேண்டாம். அப்படிப்பட்ட போர் என்று சந்தேகம் இருந்தால் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துக் குளோரைடு பார்த்துவிட்டு, ஸ்டட்டையும் நட்டையும் 316இல் போடுங்கள்.

துப்பாக்கி வீடியோவுக்கு வருகிறேன், அதில் கற்றுக்கொள்ள நல்ல விஷயம் இருக்கிறது. எம்16, ஏஆர்-15 வகை ரைஃபிளில் பேரலைப் பிடிக்கும் நட்டு எஃகு. அது ஏறும் உடல் அலுமினியம். அமெரிக்க ராணுவம் அங்கே மாலிப்டினம் டைசல்ஃபைடு (மாலி) கலந்த கிரீஸைத்தான் தடவச் சொல்கிறது, கிராஃபைட் கிரீஸ் கூடாது என்கிறது. ஈரம் பட்டால் கிராஃபைட் அலுமினியத்தை அரித்துவிடும் என்பதுதான் காரணம். இறுக்கும் அளவும் 30 முதல் 80 அடி-பவுண்டு வரை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எஸ்எஸ் பேரலை, அதைத் தாங்கும் உடலான எஸ்எஸ் ஆக்‌ஷனில் ஏற்றும் ரைஃபிள்களில் உங்கள் பம்பில் வரும் அதே கடிதான் வரும், அங்கே ஆன்டி-சீஸ் போடுவார்கள். நம் நாட்டில் ஆயுதச் சட்டப்படி உரிமம் பெற்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய வேலை அது. நமக்கு வேண்டியது அவர்கள் யோசிக்கும் விதம்: எந்த இரண்டு உலோகம் சேர்கிறது, எந்தச் சூழலில் கிடக்கப்போகிறது, எவ்வளவு இறுக்கம் என்று பார்த்துத்தான் பொருளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதே மூன்றையும் போருக்குக் கேட்டால் பதில் வேறாக வரும். மாலி காய்ந்த இடத்தில் அருமையாக வழுக்கும். ஈரத்தில் அதன் திறன் குறையும், நாள்பட மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து அமிலத்தன்மையும் வரும். வருடக்கணக்கில் தண்ணீருக்குள் கிடக்கும் மரைக்கு அது பொருத்தமில்லை.

இனி இறுக்கம். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், பேஸ்ட் வாங்கிய பிறகு பலரும் ஸ்டட்டை உடைப்பது இங்கேதான். ஸ்பேனரில் நீங்கள் கொடுக்கும் பலத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கும் விசையாக மாறுகிறது. மற்றதெல்லாம் நட்டின் அடியிலும் மரையிலும் உராய்விலேயே போய்விடும். பேஸ்ட் தடவியதும் உராய்வு குறையும், அதே பலத்துக்கு இழுவிசை எகிறிவிடும். கணக்கு போட்டே காட்டுகிறேன். 5/16 ஸ்டட்டும் 8 மில்லிமீட்டர் போல்ட்டும் ஏறக்குறைய ஒரே தடிமன். தலையில் ஏ2-70 என்று அடித்த 8 மில்லிமீட்டர் போல்ட்டில் சுமை தாங்கும் பரப்பு 36.6 சதுர மில்லிமீட்டர். சுமார் 16.5 கிலோநியூட்டன் இழுவிசையில் அது நிரந்தரமாக நீளத் தொடங்கும். அதில் 70 சதவீதம், அதாவது 11.5 கிலோநியூட்டன், வைத்தால் பாதுகாப்பு. முறுக்கையும் இழுவிசையையும் இணைக்கும் முறுக்குக் கெழு (உராய்வு கூடினால் இதுவும் கூடும்) எதுவும் தடவாத எஸ்எஸ்ஸுக்கு 0.3 வரைகூடப் போகும். அப்படியானால் இந்த இழுவிசைக்கு 28 நியூட்டன்-மீட்டர் முறுக்கு தேவை. பேஸ்ட் தடவினால் கெழு 0.15 அளவுக்கு வந்துவிடும், 14 போதும். பழைய கைப்பழக்கத்தில் பேஸ்ட்டோடு 28 கொடுத்தால் இழுவிசை 23 கிலோநியூட்டன். ஸ்டட் நீண்டுவிடும். அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. கீழே இறங்கி, ஸ்டார்ட்டிங் உதறலில் நாள்பட்டு அறும்.

அதனால் டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்குங்கள். பம்ப் நிறுவனம் கொடுத்த எண்தான் முதலில். அது காய்ந்த மரைக்கா, எண்ணெய் தடவிய மரைக்கா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காய்ந்த மரைக்கு என்றால், பேஸ்ட்டோடு கால் பங்காவது குறைத்து வையுங்கள். எவ்வளவு குறைக்கலாம் என்பது பேஸ்ட்டின் விவரத்தாளில் இருக்கும். வழுக்கினால் நட்டு தானாகக் கழன்றுவிடாதா என்ற பயம் பலருக்கு உண்டு. சரியான இழுவிசையில் நிற்கும் நட்டு பேஸ்ட்டால் கழலாது. இழுவிசை குறைவாக இருக்கும் நட்டுதான் கழலும்.

தடவும் முறையும் முக்கியம். மரையைக் கம்பிப் பிரஷ்ஷால் துடையுங்கள். பிரஷ் எஸ்எஸ் கம்பியாக இருக்கட்டும், இரும்புக் கம்பி துகளை விட்டுவிட்டால் அந்த இடம் துருப்பிடிக்கும். மண்ணும் பழைய கிரீஸும் போன பிறகு, நட்டு உட்காரும் இடம் முதல் நுனி வரை மெல்லிய பூச்சு, நட்டின் அடிமுகத்திலும் வாஷரிலும் கொஞ்சம். மரையின் வடிவம் தெரிய வேண்டும், அப்பி மூடிவிடக் கூடாது. அப்புறம் நட்டைக் கையால் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். கையில் ஓடாத நட்டை ஸ்பேனரில் போட்டுத் தள்ள வேண்டாம், தூர எறிந்துவிடுங்கள். நைலாக் நட்டு என்றால் நைலான் வளையத்தின் உராய்வே சூடேற்றும், அதை இன்னும் நிதானமாகத் திருப்புங்கள். நாலு நட்டையும் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

பேஸ்ட் டப்பா கையில் இருக்கிறதே என்று மற்ற இடங்களிலும் தடவ வேண்டாம். மோட்டார் ஷாஃப்ட்டின் பல்லுக்கும் கப்ளிங்குக்கும் தண்ணீரில் கரையாத, உணவுத் தர கிரீஸ் போடலாம், மணல் உள்ளே புகாமல் அது காக்கும். பம்புக்குள் இருக்கும் ரப்பர் புஷ் தண்ணீரில் ஓடுவதற்கென்றே செய்தது, அதில் எதுவும் வேண்டாம். ஓ-ரிங்குகளுக்குச் சிலிக்கோன் கிரீஸ். ஈபிடிஎம் ரப்பர் பெட்ரோலிய கிரீஸில் ஊதிவிடும். பம்பைத் தாங்கித் தண்ணீரை மேலே கொண்டுவரும் யுபிவிசி காலம் (column) பைப்பின் மரைக்கும் ரப்பர் வளையத்துக்கும் சோப்புத் தண்ணீரோ, பைப் நிறுவனம் தரும் வழுக்கியோ போதும். ஜிஐ பைப்பின் கூம்பு மரைக்குச் சணலும் சீலண்ட்டும்தான். அங்கே கசிவை அடைக்க வேண்டும், அது ஆன்டி-சீஸின் வேலை இல்லை.

எஸ்எஸ் கடிக்கிறதே என்று சிலர் இரும்பு போல்ட்டுக்கு மாறுகிறார்கள். கடி நின்றுவிடும், ஆனால் பெரிய எஸ்எஸ் உடம்பில் மாட்டிய சின்ன இரும்பு போல்ட் மொத்த அரிப்பையும் தானே வாங்கிக்கொள்ளும். தலை கரைந்து, பம்ப் மோட்டாரை விட்டுக் கழன்றால் அது கேபிளையும் இழுத்துக்கொண்டு போருக்குள் போகும். வார்ப்பிரும்பு பம்பில் எஸ்எஸ் போல்ட் போடுவதில் அந்த ஆபத்து குறைவு. அங்கே அரிபடும் பரப்பு பெரிது, அரிப்பு பரவலாகப் போய்விடும்.

கடைசியாக, மாட்டிக்கொண்ட நட்டு. ஏற்றும்போதே கனமாகத் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். பேஸ்ட் விட்டு, சூடு ஆறும் வரை காத்திருந்து, சின்னச் சின்ன அசைவாக முன்னும் பின்னும் ஆட்டிக் கழற்றப் பாருங்கள். அதற்கும் வரவில்லை என்றால் துரு நீக்கும் ஸ்பிரே அடித்துப் பயனில்லை. உள்ளே இருப்பது துரு இல்லை, ஒட்டிய உலோகம். நெம்பித் திருகினால் ஸ்டட் மோட்டார் பிராக்கெட்டிலிருந்தே பிய்ந்துவரும், அது பெரிய செலவு. நட் ஸ்பிளிட்டரோ கிரைண்டரோ வைத்து நட்டை மட்டும் பிளந்து எடுங்கள், ஸ்டட்டையும் புதிதாகப் போடுங்கள்.

வருடங்கள் கழித்துக் கழற்றும்போது வராத நட்டு வேறு கதை. மரை மேல் வெள்ளையாகப் படிந்திருந்தால் அது கடின நீரின் சுண்ணாம்பு. அதற்கு நம் பட்டறைகளில் பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றுகிறார்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சுண்ணாம்பு கரையும், கூடவே எஸ்எஸ்ஸின் படலமும் போகும், இடுக்கில் தங்கும் குளோரைடு அடுத்த இரண்டு வருடத்தில் ஸ்டட்டைத் தின்றுவிடும். அதற்குப் பதில் சிட்ரிக் அமிலத் தூளை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துத் துணியில் நனைத்துச் சுற்றி வையுங்கள், இல்லாவிட்டால் வினிகர். நேரம் கூடப் பிடிக்கும், ஆனால் நட்டு முழுசாக வரும். கழற்றிய பிறகு நல்ல தண்ணீரில் அலசி, துடைத்துக் காயவைத்து, அதற்கப்புறம் பேஸ்ட் தடவுங்கள்.