குடல் புண் ஆறிய பிறகும் வலி ஏன்?

கேள்வி: எனக்கு 32 வயது. குடலில் அழற்சியும் புண்ணும் உண்டாக்குகிற க்ரோன் நோய்க்கு நான்கு வருஷமாக அசதயோபிரின் சாப்பிடுகிறேன். போன மாதம் எடுத்த கொலனோஸ்கோபியில் புண்கள் ஆறியிருந்தன, மலப் பரிசோதனையில் குடல் அழற்சியைக் காட்டும் கால்புரொடெக்டினும் 40தான், நார்மல். ஆனாலும் சாப்பிட்டால் வயிறு முறுக்கிப் பிடிக்கிறது. ‘எல்லாம் உன் மனசுதான்’ என்கிறார்கள் வீட்டில். தாங்காத நாளில் மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுகிறேன். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த டைக்ளோஃபெனாக்கை நிறுத்துங்கள், இன்றைக்கே. அதுவும் ஐபுப்ரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் ஒரே வகை. குடலின் உட்சுவரைப் புண்ணாக்கக்கூடியவை, அடங்கிக் கிடக்கிற நோயைக் கிளப்பியும் விடலாம். வயிற்றுவலி என்று கடையில் கேட்டால் டைசைக்ளோமினோடு மெஃபனாமிக் ஆசிட் சேர்ந்த மாத்திரையை எடுத்துக் கொடுப்பார்கள், அந்த மெஃபனாமிக் ஆசிட்டும் இதே வகைதான், அதனால் அட்டையின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள். அவசரத்துக்குப் பாராசிட்டமால் போதும். டிரமடால் பக்கம் போகாதீர்கள். குடல் அசைவை மந்தப்படுத்தும், நாள்பட்டால் வலியையே கூட்டிவிடும்.

சரி, புண் ஆறியும் ஏன் வலிக்கிறது? உங்கள் விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது குடல் சுருக்கத்தை. க்ரோன் புண் ஆறும்போது தழும்பு விழுந்து குடல் அந்த இடத்தில் குறுகிப் போகலாம். தழும்பில் அழற்சி இருக்காது, அதனால் கால்புரொடெக்டின் நார்மலாகவே வரும். சிறுகுடலின் பெரும்பகுதிக்குள் கொலனோஸ்கோப் போகவும் முடியாது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் முறுக்கிப் பிடித்து, வயிறு உப்பி, கடமுடவென்று சத்தம் வந்து, பிறகு தானாக விடுகிறதா? அப்படியானால் சிறுகுடலைப் படம் பிடிக்கும் எம்.ஆர். என்டரோகிராபி ஸ்கேன் எடுக்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அது தெரிகிற வரைக்கும் வாழைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, மக்காச்சோளம், கீரைத்தண்டு, கொய்யா விதை எல்லாம் வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக, நன்றாக மென்று சாப்பிடுங்கள்.

சுருக்கம் இல்லை என்று தெரிந்தால் அப்புறம் நரம்பைப் பார்க்க வேண்டும். வருஷக்கணக்கில் புண்ணோடு இருந்த குடலின் நரம்புகள், புண் ஆறிய பிறகும் கூச்சம் குறையாமல் இருக்கும். சாதாரண வாயுவும் உணவு நகர்வதும்கூட மூளைக்கு வலியாகப் போய்ச் சேரும். இது மனப்பிரமை இல்லை, வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள். இதற்கு அமிட்ரிப்டிலின் இரவில் குறைந்த அளவில், பெரும்பாலும் 10 மில்லிகிராமில் தொடங்கிக் கொடுப்போம். மனச்சோர்வுக்கும் அதே மருந்துதான், ஆனால் அங்கே அளவு பல மடங்கு. சீட்டைப் பார்த்துவிட்டு, என்னையும் மனநோயாளி ஆக்கிவிட்டார்களே என்று நினைக்காதீர்கள். கவலையும் தூக்கக்கேடும் வலியைக் கூட்டும் என்பது உண்மை. அதற்காக வலி கற்பனை ஆகிவிடாது. வலியைக் கையாளப் பழக்கும் உளவியல் ஆலோசனையும் பலருக்கு உதவுகிறது.

சாப்பாட்டில் பாலை இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். வெங்காயம், பூண்டு, கொண்டைக்கடலை, கோதுமை ஆகியவையும் வாயுவைக் கிளப்பும், ஆனால் எல்லாவற்றையும் மொத்தமாக மாதக்கணக்கில் விட்டுவிடாதீர்கள், ஏற்கெனவே மெலிகிற நோய் இது. சில வாரம் குறைத்து, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடியுங்கள், முடிந்தால் உணவியல் நிபுணர் ஒருவரின் உதவியோடு. சிகரெட் பழக்கம் இருந்தால் க்ரோன் நோய்க்கு அதைவிடக் கெட்டது வேறில்லை. நோய் அடங்கியிருக்கிறது என்பதற்காக அசதயோபிரினை நீங்களாக நிறுத்தவும் கூடாது, வலி என்பதற்காகப் பழைய ஸ்டீராய்டு சீட்டைத் தூசி தட்டவும் கூடாது.

வாந்தியோடு வயிறு உப்பி, வாயுவும் மலமும் போகாமல் நின்றுவிட்டால், அல்லது காய்ச்சல், மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி என்று ஏதாவது வந்தால், அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். க்ரோன் நோய் இருப்பதையும் அசதயோபிரின் சாப்பிடுவதையும் அங்கே முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள், அந்த மருந்து நோய் எதிர்ப்பைக் குறைக்கும் என்பதால் டியூட்டி டாக்டருக்கு அது உடனே தெரிந்தாக வேண்டும்.