ரிப் பின்னலில் கண்கள் கூடிக்கொண்டே போகின்றனவா?

இரண்டு ஊசியில் ரிப் (நிட், பர்ல் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடும் பின்னல்) பின்னும்போது கண்கள், அதாவது ஊசியில் இருக்கும் நூல் வளையங்கள், கூடுகின்றன என்றும், அக்ரிலிக் நூல் கையில் ஒட்டுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள்.

பர்ல் (நூலை முன்னால் வைத்துப் போடுவது) போட்டதும், அடுத்த நிட்டுக்கு (நூலைப் பின்னால் வைத்துப் போடுவது) முன் நூலை இரண்டு ஊசி முனைகளுக்கும் நடுவே பின்பக்கம் கொண்டுபோங்கள். 20 கண்ணில் ஆரம்பித்த ஒரு நிட், ஒரு பர்ல் ரிப் 27 ஆகி, நடுவில் ஓட்டையும் விழுகிறது என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். நூல் முன்னாலேயே நிற்கும்போது நிட் போட்டால், அந்த நூல் வலது ஊசியின் மேல் ஏறிவிடும். அடுத்த வரிசையில் அதையும் ஒரு கண்ணாக நினைத்துப் பின்னிவிடுகிறீர்கள்.

ஒவ்வொரு வரிசை முடிந்ததும் ஊசியைப் பாருங்கள். உண்மையான கண்ணுக்குக் கீழே பின்னல் தொடரும். தவறி ஏறிய நூல் அடியில் பிடிப்பே இல்லாமல் சாய்ந்து கிடக்கும். அதை அங்கேயே நழுவ விட்டால் போதும், மொத்தத்தையும் பிரிக்காதீர்கள்!

வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதைவிட, தடித்த வெளிர்நிற நூலில் 10 கண் ஏற்றி, "முன்னால், பின்னால்" என்று வாய்விட்டுச் சொல்லியபடி பின்னுங்கள். கை பழகிவிடும். கருப்பு நூலில் கற்பது வீண் சிரமம், பின்னலின் கண்ணே தெரியாது.

கடலூர் புழுக்கத்தில் அக்ரிலிக் நூல் கையில் ஒட்டுகிறது என்றீர்கள். கண் கூடுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பருத்தி நூல் கைக்கு இதம்தான், ஆனால் ரிப் அவ்வளவு சுருங்கி நிற்காது.

அப்புறம், ஓட்டை இல்லாமல் வரிசையின் தொடக்கத்தில் மட்டும் கண் கூடினால் காரணம் வேறு. நூலை ஊசிக்கு மேலாகப் பின்னே இழுத்திருப்பீர்கள். முதல் கண்ணின் இரண்டு கால்களும் இரண்டு கண்களாகத் தெரியும். நூலை ஊசிக்கு அடியில் வைத்துத் தொடங்குங்கள்.