சுவரில் ஒட்டிய பட்டியல்

வணக்கம். என் மகள் ஐந்தாம் வகுப்பு. நான்கு செயல்களும் சரியாகப் போடுகிறாள். வாக்கியக் கணக்கு வந்தால் மட்டும் முழிக்கிறாள். ‘மொத்தம், அதிகம்’ என்றால் கூட்டு, ‘மீதி, குறைவு’ என்றால் கழி என்று பட்டியல் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டியிருக்கிறேன். அப்படியும் தப்பு வருகிறது. தினமும் எத்தனை கணக்கு கொடுக்கலாம்? நேரம் வைத்துப் போடச் சொல்லலாமா?

கே.

அன்புள்ள கே.,

நேரம் வைக்க வேண்டாம். அதில் அதற்குமேல் பேச ஒன்றுமில்லை. போகிற போக்கில் ஒரு பட்டியலைச் சொன்னீர்களே, அதுதான் என்னை எழுத வைத்தது. கொஞ்ச நாளாகவே இந்தப் பட்டியல்கள்மேல் எரிச்சலில் இருக்கிறேன். தயவுசெய்து இன்றே கிழித்துவிடுங்கள்.

“கலாவிடம் 12 பென்சில் இருக்கிறது. இது மாலாவிடம் இருப்பதைவிட 5 அதிகம். மாலாவிடம் எத்தனை?” ‘அதிகம்’ என்றால் கூட்டல். பிள்ளை 17 என்று எழுதுவாள். விடை 7. இன்னொன்று: “8 பலூன் வெடித்தபின் மீதி 15. முதலில் எத்தனை இருந்தது?” ‘மீதி’யைப் பார்த்ததும் கழித்து 7 என்பாள். இருந்ததே ஏழு என்றால் எட்டு எப்படி வெடிக்கும்? அதைக் கேட்டுக்கொள்ள அவளுக்கு இடமே இல்லை. வாக்கியத்தில் ஒரு சொல்லையும் இரண்டு எண்ணையும் பொறுக்கினால் போதும் என்று சொல்லிக்கொடுத்தது நீங்கள். அவள் சொன்னபடி செய்கிறாள், பாவம். பட்டியல் சில நாள் பலிக்கும். கூட்டல் பாடத்தின் கடைசியில் வரும் கணக்கெல்லாம் கூட்டலாகவே இருப்பதால் பலிக்கிறது. கணக்குகளைக் கலந்து கொடுத்தால் அன்றோடு சரி.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 13 வயது மாணவர்களுக்கு ஒரு கணக்கு கொடுத்தார்கள். ஒரு பேருந்தில் 36 வீரர்கள் போகலாம், 1128 வீரர்களுக்கு எத்தனை பேருந்து வேண்டும்? நூற்றுக்கு 70 பேர் வகுத்தலைப் பிழையில்லாமல் போட்டார்கள். 32 என்று சொன்னவர்கள் 23 பேர்தான். 29 பேர் ‘31, மீதி 12’ என்று எழுதிவைத்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேரும் நடந்தா போவார்கள்? வகுத்தல் தெரிந்தவர்கள்தான். வகுத்து முடித்ததும் கேள்விக்குத் திரும்பிப் போகவில்லை.

பட்டியலுக்குப் பதில் இதைச் செய்யுங்கள். எண்களின்மேல் சிறு காகிதத்துண்டு வைத்து மூடிவிட்டுக் கணக்கை வாசிக்கச் சொல்லுங்கள். பென்சிலைத் தொடக்கூடாது. “கலாவிடம் கொஞ்சம் பென்சில் இருக்கு, மாலாவிடம் அதைவிடக் கம்மி” என்று அவள் வாயால் வரவேண்டும். வராவிட்டால் எண்ணைத் திறக்காதீர்கள். வந்ததும் இரண்டு பட்டை வரையட்டும், யாருடையது நீளம் என்று முதலில் முடிவுசெய்து. 12 எந்தப் பட்டைக்கு, 5 எந்தத் துண்டுக்கு என்று எழுதியபின் கூட்டலா கழித்தலா என்ற கேள்வியே எழாது.

பட்டையின் அருமை ‘மடங்கு’ வரும்போது தெரியும். “சிவப்பும் நீலமும் சேர்ந்து 48 கோலி. நீலத்தைப்போல் சிவப்பு மூன்று மடங்கு.” படம் இல்லாத பிள்ளை 48ஐ மூன்றால் வகுத்து, நீலம் 16 என்று நிறுத்திவிடும். நீலத்துக்கு ஒரு கட்டம், சிவப்புக்கு அதே அளவில் மூன்று கட்டம் வரைந்தால் மொத்தம் நான்கு கட்டம் கண்ணெதிரே நிற்கும். ஒரு கட்டம் 12, சிவப்பு 36. பிறகு விடையைக் கணக்குக்குள் போட்டுப் பார்க்கவேண்டும்: 12ம் 36ம் சேர்ந்து 48தானா, மூன்று மடங்குதானா? நீலம் 16 என்று வைத்தால் சிவப்பு 32, அது இரண்டு மடங்குதான். தப்பை அவளே பிடித்துவிடுவாள், நீங்கள் வாய் திறக்கவேண்டியதில்லை. திறக்காமலும் இருங்கள்.

விடையை வெறும் எண்ணாக விடாமல் “மாலாவிடம் 7 பென்சில் இருக்கிறது” என்று முழு வாக்கியமாக எழுதட்டும்.

எத்தனை கணக்கு என்றுதானே கேட்டிருந்தீர்கள்? இரண்டு. அதோடு, அதே 12ஐயும் 5ஐயும் வைத்து, ‘அதிகம்’ என்ற சொல் வந்தும் கழிக்கவேண்டிய கணக்கு ஒன்றை அவளையே உண்டாக்கி உங்களுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் போட்டு, அவள் திருத்தட்டும்.