“அண்ணே”வுக்கு லியோனில் என்ன சொல்வது?

டீச்சர் பதில்கள்
(புதுச்சேரியில் முப்பது வருஷம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: டீச்சர், நான் முத்தியால்பேட்டை. மாஸ்டர்ஸ் படிக்க பிரான்சில் லியோன் வந்து ஆறு வாரம் ஆகிறது. ஊரிலேயே பி2 வரை (ஓரளவு சரளமாகப் பேசுகிற நிலை) பிரெஞ்சு முடித்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் ரொட்டிக்கடைக்காரம்மா என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறார். கிளாசில் யாரும் ஒட்டுவதில்லை. அவர்கள் பேசுவதும் பாதி புரியவில்லை. சாம்பாருக்குத் தாளித்தால் கூட இருக்கிற பெண் ஜன்னலைப் படாரென்று திறக்கிறாள். பேசாமல் திரும்பி வந்துவிடட்டுமா?
– பெயர் வேண்டாம், லியோன்

பதில்: வாயேன், யார் வேண்டாம் என்றது? அதற்கு முன்னால் ஒன்று சொல்லு கண்ணு. ரொட்டிக்கடைக்குள் நுழைந்ததும் உன் வாயில் வருகிற முதல் சொல் எது? “ஒரு பகெத், சில் வூ ப்ளே” (ஒரு நீள ரொட்டி, தயவுசெய்து) என்று பாடப்புத்தகம் மாதிரி கேட்கிறாய், அப்படித்தானே? அங்கேதான் இடிக்கிறது. போன்ழூர், அதாவது வணக்கம், சொல்லாமல் எதைக் கேட்டாலும் அவர்கள் காதில் அது அதட்டல். பின்னாலே பத்து சில் வூ ப்ளே போட்டாலும் சரியாகாது.

1989-இல் மோன்பெலியேவில் நான் இதே பாடு பட்டேன். மருந்துக்கடையில் ஒரு வயசான அம்மா. நான் தலைவலி மாத்திரை கேட்டால், பதில் சொல்லாமல் “போன்ழூர், மத்முவாசெல்” என்று சொல்லிவிட்டு நிற்பார். காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று நான் இன்னும் சத்தமாகக் கேட்பேன். அவரும் இன்னும் சத்தமாகப் போன்ழூர் சொல்வார். விஷயம் விளங்க எனக்கு மூன்று மாசம் ஆனது.

நம் ஊர்ப் பெட்டிக்கடையில் யார் வணக்கம் சொல்கிறோம்? “அண்ணே, ரெண்டு பன்னு” என்போம், தீர்ந்தது. அந்த அண்ணேவை எடுத்துவிட்டு வெறும் “ரெண்டு பன்னு” என்று கேட்டுப் பார், கடைக்காரர் உன்னை ஏற இறங்கப் பார்ப்பார். அந்த அண்ணே பார்க்கிற வேலையைத்தான் அங்கே போன்ழூர் பார்க்கிறது. பஸ் ஏறும்போது டிரைவருக்கு, லிஃப்டில் பக்கத்து வீட்டுக்காரருக்கு, டாக்டரிடம் போனால் காத்திருக்கிற முன்பின் தெரியாதவர்களுக்கும் ஒன்று போட்டுவை. கிளம்பும்போது “ஒர்வுவார்” (போய்வருகிறேன்). ஒரு வாரம் செய்துவிட்டு அந்த ரொட்டிக்கடை அம்மாவின் முகத்தைப் பார்த்து எனக்கு எழுது.

கிளாஸ் சங்கதி இதற்கு நேர்மாறு. நான் பாடம் நடத்திய பிள்ளைகளில் பாதிப் பேர் மரியாதை என்று கூடப் படிக்கிறவர்களையும் ‘வூ’ (நீங்கள்) போட்டுத்தான் பேசுவார்கள். நீயும் அப்படித்தான் என்று பந்தயம் கட்டுவேன். மாணவர்கள் தங்களுக்குள் ‘தூ’ (நீ) தான். நீ வூ போட்டால், தம்பியைப் பிடித்து “தாங்கள் சாப்பிட்டீர்களா” என்று கேட்ட மாதிரி ஆகும். எட்ட நிற்கத்தான் செய்வார்கள். வூ எல்லாம் பேராசிரியருக்கு, கடைக்காரருக்கு. புரியாததற்கு உன் பி2-வைத் திட்டாதே. “ழெ நெ சே பா” (எனக்குத் தெரியாது) என்று நாங்கள் கற்றுக்கொடுத்ததை அவர்கள் “ஷே பா” என்று விழுங்கிவிடுவார்கள். நாம் மட்டும் “என்ன சொல்கிறாய்” என்றா பேசுகிறோம்? “இன்னாங்குற” தானே.

தாளிப்பு விஷயத்தில் நான் அந்தப் பெண் பக்கம். கம்பளிக் கோட்டில் பெருங்காயம் ஏறினால் மார்ச் வரைக்கும் போகாது, எனக்கு அனுபவம். கோட்டை அலமாரியில் வைத்து மூடு, சமையலறைக் கதவைச் சாத்து, ஜன்னலை அவளுக்கு முன்னால் நீயே திற. தாளிப்பை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கி வாரத்துக்கும் குழம்பு வைத்துக்கொள். அவளுக்கும் ஒரு கிண்ணம் கொடு, காரத்தைக் குறைத்து. காய்க்கு ஞாயிறு காலை க்ரோவா-ரூஸ் சந்தைக்குப் போ. நம் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் துணிக்குப் பதில் காய்கறி பரப்பினால் எப்படி இருக்கும், அப்படி. அரிசிக்கும் மசாலாவுக்கும் கில்லோத்தியேர் பக்கம் ஆசியக் கடைகள் உண்டு.

அழுகிற நேரம் போக, காகிதங்களையும் பார். நீ வாங்கியது நீண்டகால மாணவர் விசா என்றால், போய்ச் சேர்ந்த 3 மாதத்துக்குள் இணையத்தில் அதை உறுதிசெய்தாக வேண்டும். உனக்குப் பாதி நாள் ஓடிவிட்டது. மருத்துவக் காப்பீட்டுப் பதிவுக்குக் காசு கிடையாது, பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். பெயரைப் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே எல்லாப் படிவத்திலும் எழுது. நான் ஒரு இடத்தில் அப்பா பெயரை முன்னால் போட்டேன், ஒரு இடத்தில் பின்னால் போட்டேன். ஒரு வங்கி இரண்டு வருஷம் எங்கள் அப்பாவுக்கே கடிதம் போட்டுக்கொண்டிருந்தது. மனுஷன் பிரான்சைக் கண்ணால் பார்த்ததில்லை.

கேள்வி: என் மகன் பிரான்சில் துலூசில் படிக்கிறான். முன்பெல்லாம் ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிட்டால் பேசுவான். நவம்பரிலிருந்து எடுப்பதே இல்லை. ஏதாவது பிரச்சினையா?
– ஓர் அம்மா, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: கடிகாரம்தான் பிரச்சினை. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே எல்லாக் கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள். அதுவரை நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், இப்போது நாலரை. நீங்கள் ஒன்பதுக்குக் கூப்பிடும்போது அவனுக்குச் சாயங்காலம் நாலரை, கிளாசில் இருப்பான். பத்தரைக்குக் கூப்பிடுங்கள். மார்ச் கடைசி ஞாயிறு பழையபடி ஆகிவிடும். நாங்கள் போன காலத்தில் பி.பி. நம்பருக்குப் போட்டு, பக்கத்து வீட்டு மாமி ஓடிப்போய் அம்மாவைக் கூட்டிவருவதற்குள் பாதிக் காசு தீர்ந்துவிடும்.

கேள்வி: ஜனவரியில் பாரிஸ் போகிறேன். குக்கர், நெய், கறிவேப்பிலை எடுத்துப் போகலாமா?
– ஒரு மாணவர், லாஸ்பேட்டை

பதில்: குக்கர் எடுத்துப் போ. ஆனால் அங்கே இண்டக்ஷன் அடுப்பாக இருந்தால் அலுமினியக் குக்கர் சூடாகாது. அடியில் இண்டக்ஷன் குறி உள்ள எவர்சில்வர் குக்கராக வாங்கு. நெய், பால்கோவா எதுவும் ஆகாது. வெளியிலிருந்து வருகிறவர்கள் பால், இறைச்சிப் பொருள்களைக் கொண்டுபோக ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் மாட்டும், பொடி பண்ணிக்கொள். பாரிசில் லா ஷாப்பேல் போனால் ஈழத்தமிழர் கடைகளில் நெய்யும் கிடைக்கும், கறிவேப்பிலையும் கிடைக்கும். தேங்காய்க்கு அவர்கள் சட்டத்திலேயே விலக்கு உண்டு. பெட்டியில் இடமிருந்தால் இரண்டு போட்டுக்கொள்.