கோழி தின்பவர்கள் அணில் வேட்டையைத் தவறென்று சொல்லலாமா?

கேள்வி கேட்டவர் மூன்று வாதங்களை அடுக்கியிருக்கிறார். மலைக் கிராமங்களில் அணில் அடித்துத் தின்பது பரம்பரைப் பழக்கம்; அமெரிக்காவில் உரிமம் வாங்கிக்கொண்டு பகிரங்கமாகவே அணில் வேட்டை ஆடுகிறார்கள்; ஆடும் கோழியும் தின்கிற நமக்கு அதைத் தவறென்று சொல்ல என்ன யோக்கியதை? நான் கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருப்பவன். புலால் உண்பவன். இவ்விரண்டையும் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள். என் பதில், சொல்லலாம் என்பதுதான். சொல்லியே ஆகவேண்டும் என்றும் நினைக்கிறேன். ஆனால் துப்பாக்கி வைத்திருப்பவனிடம் மட்டும் அதைச் சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

முதலில், எந்த அணிலைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். சமவெளியில் வீட்டு முற்றத்தில் ஓடும் மூன்று வரி அணிலை இங்கே யாரும் தேடிப்போய் அடிப்பதில்லை. அதில் கறியும் இல்லை. வேட்டைக்கு உள்ளாவது மலை அணில். முதுகில் கறுப்பும் செம்பழுப்பும் கலந்து, வயிறு வெளுத்து, உடம்பைவிட நீளமான அடர்ந்த வாலோடு, ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை எடையுள்ள விலங்கு அது. அதன் உறவான நரை அணிலும் இந்த மலைச் சரிவுகளில் உண்டு. அதற்காகத்தான் 1988-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயம் அமைந்தது. இரண்டுமே மரத்தின் உச்சியில் வாழ்பவை. தரைக்கு இறங்குவது அபூர்வம். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு ஆறு மீட்டர் வரை தாவும் என்றாலும், அன்றாட நடமாட்டத்துக்குக் கிளையோடு கிளை கோத்த வழியையே அவை நம்பியிருக்கின்றன.

இந்த விலங்கைச் சுடுவதில் எனக்கு மிகவும் உறுத்துவது, அது ஆபத்து நேரத்தில் நடந்துகொள்ளும் விதம். சந்தேகம் தட்டினால் கடகடவென்று ஒரு முறை குரல் கொடுக்கும். பிறகு பல நேரங்களில் ஓடுவதே இல்லை. தடித்த கிளையின் மேல் வயிறு ஒட்டப் படுத்துக்கொண்டு, ஆபத்து விலகும் வரை மூச்சு விடுவதுகூடத் தெரியாமல் கிடக்கும். வானத்தில் வட்டமிடும் கழுகின் கண்ணிலிருந்து தப்ப அதற்கு வாய்த்த தற்காப்பு அது. கீழே நின்று நிதானமாகக் குறிபார்க்கிற மனிதனுக்கோ அதைவிட வசதியான இலக்கு கிடையாது. ஓடுகிற முயலைத் துரத்திப் பிடிப்பதில் ஒரு திறமை இருக்கிறது என்று வேட்டைக்காரர்கள் சொல்வார்கள். அந்த வாதத்தைக்கூட அணில் விஷயத்தில் வைக்க முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன், ஆனி மாதத்தில், பலா பழுக்கிற பருவத்தில், எங்கள் தோட்டத்துப் பலாவின் மேல் கவையில் ஒரு மலை அணில் சிக்கியிருந்ததைக் காலையில் பார்த்தோம். யாரோ ஏர்கன்னால் சுட்டிருந்தார்கள். முன்னங்கால் ஒன்று தொங்கியது. மற்ற மூன்று கால்களால் பட்டையைப் பற்றி மேலே ஏறப் பார்த்தது, சரிந்தது, மறுபடி பற்றியது. சுட்டவர் விழாத அணிலை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார். ஆள் ஏறி அதை இறக்கிக் கொண்டுவருவதற்குள் உயிர் போய்விட்டது. களை எடுக்க வந்திருந்த அம்மா ஒருவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “பாலு கட்டியிருக்குங்கய்யா, எங்கயோ குட்டி கெடக்கு” என்றார். சுற்றுமுற்றும் தேடினோம். ஒரே அணில் தன் எல்லைக்குள் பல கூடுகள் கட்டும். சுள்ளியும் இலையும் சேர்த்து, பக்கத்து மரங்களின் கிளைகள் கூடும் உச்சியில் கட்டும். எதில் குட்டி இருக்கிறது என்று கீழிருந்து கண்டுபிடிக்க வழியே இல்லை. நாங்கள் கண்டுபிடிக்கவில்லை.

ஆகவே ‘அணிலைக் கொல்வது சரியா’ என்று பொதுவாகக் கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. எந்த அணில், எங்கே, எதற்காக என்று சேர்த்துக் கேட்க வேண்டும். அமெரிக்காவில் வேட்டையாடப்படும் கிழக்குச் சாம்பல் அணில் ஆண்டுக்கு இரண்டு ஈடு குட்டி போடக்கூடியது. ஓர் ஈட்டுக்கு இரண்டு முதல் நான்கு குட்டிகள். அங்கே வேட்டைப் பருவம் இது, ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று மாநிலங்கள் வரையறை வைத்திருக்கின்றன. 1937-இல் கொண்டுவந்த ஒரு சட்டத்தின்படி துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வசூலாகும் வரி, பெரும்பாலும் வன உயிர்களின் பாதுகாப்புக்காக மாநிலங்களுக்குப் பகிரப்படுகிறது. அதே அணில் 1876-இல் இங்கிலாந்தில் கொண்டுபோய் விடப்பட்டு, அந்த மண்ணுக்குரிய சிவப்பு அணிலைப் பெரும்பகுதி இடங்களிலிருந்து விரட்டிவிட்டது. சிவப்பு அணிலைக் கொல்லும் அம்மை நோயையும் பரப்பியது. அங்கே பிடிபட்ட சாம்பல் அணிலைத் திரும்ப வெளியே விடுவதே குற்றம். இன்னொரு உயிரினத்தைக் காக்கவே அங்கே கொல்கிறார்கள். அதுவும் வேதனையான காரியம்தான். ஆனாலும் அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது.

நம் மலை அணிலுக்கு இந்த இரண்டு நியாயங்களும் பொருந்தாது. அது ஓர் ஈட்டில் பெரும்பாலும் ஒரே ஒரு குட்டிதான் போடும், மிஞ்சினால் இரண்டு. வயது வந்த ஒன்றைச் சுட்டுவிட்டால் அந்த இடம் நிரம்ப வெகுகாலம் ஆகும். சுற்றிலும் மரத்தொடர் அறுந்துபோன தோட்டமாக இருந்தால் நிரம்பாமலே போகும். அமெரிக்க வழக்கத்தைக் காட்டி இங்கே வேட்டையை நியாயப்படுத்துபவர்கள், அந்த வழக்கத்தைத் தாங்கிப் பிடிக்கிற எண்ணிக்கையையும் வரையறையையும் விட்டுவிட்டு, துப்பாக்கியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

பரம்பரைப் பழக்கம் என்ற வாதத்தை நான் லேசாகத் தள்ளிவிட விரும்பவில்லை. எங்கள் ஊரில் நான் பெரியப்பா என்று அழைத்த ஒருவர், பயிர்க் காவலுக்கென்று உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். வயதான பிறகு அவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். “குட்டிக்காரிய அடிக்கக் கூடாதுப்பா, அது பாவம்னு எங்கப்பா சொல்லுவாரு. ஆனா மரத்து மேல இருக்கிறது ஆணா பொண்ணா, யாருக்குத் தெரியும்?” என்றார். அவர் சொன்னது உண்மை. மலை அணிலில் ஆணும் பெண்ணும் கீழிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். பழைய வேட்டைக்காரர்களிடம் ஒரு நெறி இருந்தது. அந்த நெறியை இந்த விலங்கிடம் கடைப்பிடிக்க அவர்களாலேயே முடியவில்லை.

இந்த மலையின் பழங்குடிகளான பளியர்களையும் புலையர்களையும் இந்தப் பேச்சில் இழுப்பவர்கள் கொஞ்சம் வரலாறும் படிக்க வேண்டும். 1879-இல் வந்த நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் விலங்குகள் மேல் கொண்ட இரக்கத்தால் வந்ததல்ல. துரைமார்களின் பொழுதுபோக்கு வேட்டைக்கு விலங்குகள் தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வந்தது. பசிக்காகக் காட்டில் உணவு தேடியவன் திருடனாகவும், பந்தயத்துக்காகச் சுட்டவன் கனவானாகவும் கருதப்பட்ட காலம் அது. அந்த அநீதியை நான் மறக்கவில்லை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அதில் ஒரு பகுதியைச் சரிசெய்தது: தேன், கிழங்கு, கடுக்காய் போன்ற சிறு வனப்பொருள்களின் மீது காட்டில் வாழும் மக்களுக்கு உள்ள உரிமையை ஏற்றுக்கொண்டது. ஆனால் மரபுவழி உரிமைகளைக் காக்கும் அதே பிரிவு, வேட்டையாடும் உரிமையை வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கிறது. இன்று ஏர்கன்னோடு தோட்டத்துக்குள் நுழைபவர்களில் நான் கண்டவர்கள் பசித்த பளியர்கள் அல்லர். விடுமுறைக்கு வந்து தங்குகிறவர்களும், ரோட்டோரம் ஜீப்பை நிறுத்திவிட்டு இறங்குகிறவர்களும்தான். கறியின் தேவை அவர்களுக்கு இல்லை. மருந்து என்று சொல்பவர்களும் உண்டு. இளைப்புக்குக் கருங்குரங்கு லேகியம் என்று நம்பி அந்தக் குரங்கை மலைமலையாகத் தீர்த்த கதை நமக்குத் தெரியும். அணில் கறியின் மருத்துவக் குணமும் அந்த வகை நம்பிக்கைதான்.

இனி கோழி. இந்தக் கேள்வியில் எனக்கு மிகக் கடினமான பகுதி இதுவே. உயிர் படும் வேதனையை மட்டும் வைத்துப் பார்த்தால், பண்ணையில் ஆறு வாரம் நெருக்கியடித்து வளர்ந்து, லாரியில் கூண்டுக்குள் அடைபட்டு வந்து சாகிற பிராய்லர் கோழியின் வாழ்க்கை, மலை அணிலின் வாழ்க்கையைவிடக் கொடியது. அணில் சாகும் நிமிடம் வரை தன் மரத்தில் தன் இஷ்டப்படி வாழ்ந்தது. கோழிக்கு ஒரு நாள்கூட அது கிடைக்கவில்லை. இதை ஒப்புக்கொள்ளாமல் அணிலுக்காகப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் இந்த ஒப்பீடு நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிற இடம் எது? கோழியை இப்படி வளர்க்கக் கூடாது, இவ்வளவு தின்னக் கூடாது என்ற முடிவுக்குத்தானே அது வருகிறது? அணிலையும் கொல்லலாம் என்ற முடிவுக்கு அது எப்படி வரும்? ஒரு தவறைச் செய்கிறவனுக்கு இன்னொரு தவறைக் கண்டிக்க வாயில்லை என்று வைத்துக்கொண்டால், உலகத்தில் யாரும் எதையும் கண்டிக்க முடியாது. நான் எங்கள் வீட்டில் பண்ணைக் கோழியை விட்டுவிட்டேன். முற்றத்தில் மேய்கிற நாட்டுக்கோழி எப்போதாவது உண்டு. அதை அறுக்கிறபோது நானே அருகில் நிற்கிறேன். இது போதுமா என்று என்னைக் கேட்டால், போதாது என்றுதான் சொல்வேன்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பது சுடுவது மட்டும் அல்ல. கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, அதற்கு முயல்வது எல்லாமே வேட்டைதான். மலை அணில்கள் இரண்டும் அதன் பாதுகாப்பில் உள்ளவை. நரை அணில் முதல் அட்டவணையில் இருக்கிறது, அதைக் கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. நம்முடைய பட்டா நிலம் என்பதால் இந்தச் சட்டம் விலகிப் போய்விடாது. விவசாயியின் கஷ்டத்தைச் சட்டம் கண்டுகொள்வதில்லை என்பதும் முழு உண்மை அல்ல. காட்டுப்பன்றி விஷயத்தில் தமிழக அரசு 2025-இல், காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வருபவற்றை வனத்துறையினர் சுட அனுமதித்தது. பன்றி ஒரே இரவில் ஒரு வயலை உழுதுவிட்டுப் போகும். மலை அணில் செய்கிற சேதத்தை அதோடு சேர்த்துப் பேசுவதற்கில்லை. என் தோட்டத்தில் அது பலாவில் ஓட்டை போடும், வாழைத் தாரில் சில சீப்புகளைக் கடிக்கும், அவ்வளவுதான்.

தொடக்கத்தில் சொன்னதற்கு வருகிறேன். இந்த மலையில் துப்பாக்கி கொன்ற அணில்களைவிட மரம் வெட்டும் கத்தியும் ரம்பமும் கொன்றவை அதிகம் என்று நான் நம்புகிறேன். அதைச் செய்தவர்கள் என்னைப் போன்ற தோட்டக்காரர்கள். காப்பிக்கு நிழல் வேண்டும். அந்த நிழலைப் பலா, அத்தி, முள்முருங்கை, நாவல் என்று நாட்டு மரங்களே முன்பெல்லாம் தந்தன. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் வேகமாக வளரும், நேராக நிற்கும், மிளகுக் கொடி ஏற்றலாம், பணமுடை வந்தால் வெட்டி விற்கலாம் என்பதால் நாட்டு மரம் போகப் போக அதை வைத்தோம். அதன் விதை காற்றில் பறக்கிற சருகு. தின்பதற்குப் பழம் கிடையாது. பக்கவாட்டில் கிளை பரப்பிப் பக்கத்து மரத்தைத் தொடுவதும் இல்லை. பல ஏக்கருக்கு அது மட்டுமே நிற்கிற தோட்டத்தில் மலை அணிலுக்கு உணவும் இல்லை, பாதையும் இல்லை. பாதை அறுந்த அணில் தரையில் இறங்கி ஓடும். அங்கே நாய்கள் இருக்கின்றன. இப்படிச் செத்த அணிலுக்கு யாரும் வழக்குப் போடுவதில்லை, நமக்கும் கொன்ற உணர்வு வருவதில்லை. கொலை அறமா என்று ஏர்கன் வைத்திருக்கிற இளைஞனைக் கேட்பதற்கு எவ்வளவு உரிமை உண்டோ, அவ்வளவு கண்டிப்போடு என்னையும் கேட்க வேண்டும்.

கேள்வி கேட்டவர் தோட்டம் உள்ளவராக இருந்தால் அவர் உடனே செய்யக்கூடியவை சில உண்டு. பருவமழைக்கு முன் நிழல் கழிக்க ஆள் விடும்போது, மேட்டிலிருந்து ஓடை வரை ஒரு வரிசை மரங்களில் கிளைகள் ஒன்றையொன்று தொடுகிற மாதிரி விட்டுவிடச் சொல்லுங்கள். மரம் ஏறுகிறவரிடம் முன்கூட்டியே அந்த மரங்களைக் காட்டிவிடுங்கள், ஏறிய பிறகு கீழிருந்து கத்திப் பயனில்லை. கூடு தெரிகிற மரத்தை அந்த ஆண்டு தொட வேண்டாம். சில்வர் ஓக் வெட்டுகிற இடத்தில் ஓர் அத்தியோ நாவலோ வையுங்கள். விற்பனைக்கு வேண்டிய பலாக்காய்களைக் கை எட்டுகிற அடிமரத்திலேயே சாக்குப் போட்டுக் கட்டிவிடலாம். உச்சியில் காய்ப்பதைப் பறிக்கிற கூலிக்கே அது கட்டுப்படியாகாது என்பதால் அணிலுக்கு விட்டுவிடலாம். ஏர்கன்னோடு யாராவது வந்தால் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு அந்தப் பகுதி வனச்சரகர் அலுவலகத்துக்கு உடனே சொல்லுங்கள்.